ஒரு பெயருக்கு ஒரே ஆள்

வெண்டல் டன்னக் ஜனவரி மாதத்தில் செத்துப்போனது முதற்குடியேறி வழித்தோன்றல்கள் சங்கத்துக்குப் பிடிக்கவில்லை. குளிர்காலத்தில் சாகிறவர்களால் சங்கத்துக்கு எப்போதுமே தொல்லைதான். மண் கல்லாய் இறுகிக் கிடக்கும். முதற்குடியேறியின் மயானத்தில் யந்திரம் வைத்துத் தோண்டுவது விதிப்படி குற்றம். அதனால் எங்கள் குவில்ஹாமில் அந்த மாதங்களில் கண்ணை மூடுகிறவர்களைக் குன்றைக் குடைந்து கட்டிய குளிர்கால அறையில் அடுக்கி வைத்து, இரும்புக் கதவைப் பூட்டி, மண் இளகும்வரை காக்க வைப்பார்கள். உயிரோடு இருந்தபோது நகராட்சி வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியாது.

வெண்டல், ஊருக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். நல்ல உயரம். எந்தக் கட்டிலில் படுத்தாலும் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சங்கக் கட்டடத்தின் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். லாரி தன் பாட்டுக்கு மெல்ல ஊர்ந்து போய்ச் சங்கத்தின் கொடிக்கம்பத்தில் முட்டி நின்றது. மறுநாள் அவர் மனைவி அடலினாவுக்குச் சங்கத்திலிருந்து ஆள் வந்தது, கம்பம் வளைந்துவிட்ட விஷயத்தைச் சொல்ல. அனுதாபம் சொல்ல வேறொரு ஆள் அடுத்த வாரம் வந்தார்.

அடலினாவுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த மாக்கரோனியைச் சாப்பிட்டாள், பாத்திரங்களைத் தேய்த்தாள், யாருடையது எது என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குத் திரும்பிப் போனாள். எப்படியிருக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "இருக்கேன்" என்றாள். அது உண்மைதான், இருந்தாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வெண்டலைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

பிள்ளை அந்த மயானத்தில், குழந்தைகள் வரிசையில், முப்பது வருஷத்துக்கு மேலாகக் கிடக்கிறான். ஒன்பது மாதத்தில் காய்ச்சல் வந்து போனவன். அவன் பெயரும் வெண்டல் டன்னக்தான். டன்னக் வீட்டு வழக்கம் அது. பிறந்தது போய்விட்டால் அடுத்து வருவதற்கும் அதே பெயரை வைப்பார்கள். பெரிய வெண்டலே தன் அம்மாவுக்கு இரண்டாவது வெண்டல். முதலாவது தொட்டிலிலேயே போயிருந்தான். அடலினாவின் பிள்ளை போன பிறகு, பெயர் காத்துக்கொண்டிருந்தது. அடுத்த பிள்ளை வரவில்லை.

முதற்குடியேறியின் மயானத்தில் அவருடைய வழித்தோன்றல்களுக்கு மட்டும்தான் இடம். ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு மட்டும் ஆதாரம் கேட்க மாட்டார்கள். சின்ன வெண்டல் அப்படித்தான் உள்ளே போனான். அன்றைக்குச் சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. ஊரும் வாயைத் திறக்கவில்லை. குழந்தை செத்த வீட்டில் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதுதான் எங்கள் ஊரில் மரியாதை. அடலினாவைப் பார்த்தால் தக்காளி எப்படிக் காய்த்திருக்கிறது என்று கேட்பார்கள். முப்பது வருஷமாகத் தக்காளியைத்தான் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே போவாள். மயானத்து வாசலில் ஒரு பலகை. நாய் கூடாது. பிளாஸ்டிக் பூ கூடாது. கல்லின் மேல் உட்காரக் கூடாது. உறைபனி மண்ணிலிருந்து எதை வெளியே தள்ளினாலும் அது இருந்த இடத்திலேயே திருப்பி வைக்கப்படும், அதற்கு அனுமதி தேவையில்லை. எங்கள் பக்கத்து மண் அப்படி, குளிரில் உறைந்து உப்பி உள்ளே கிடப்பதை மேலே தள்ளும். வசந்தம் வந்தால் போதும், வயலில் பாறைகள் முளைக்கும், மயானத்தில் நடுகற்கள் குடிகாரர்களாகச் சாய்ந்து நிற்கும். ஒரு தரம் சவப்பெட்டிக் கைப்பிடி ஒன்றே மேலே வந்துவிட்டது. காவல்காரர் லைல் அதைத் துடைத்து உள்ளே தள்ளி மண்ணைப் போட்டார்.

பிப்ரவரியில் அடலினா சங்கத்துக்குப் போனாள். தலைவி மிஸஸ் தாக்ஸ்டர் பிஸ்கட்டும் பாலாடைக்கட்டியும் வைத்து வரவேற்றார். பக்கத்தில் வம்சாவளிச் செயலாளர் மிஸ்டர் ஸ்வீட்ஸர், மடியில் கைகளை மடித்து வைத்து உட்கார்ந்திருந்தார். அவர்களுக்குப் பின்னால் சுவரில் முதற்குடியேறி எசேக்கியல் டன்னக், படச்சட்டத்துக்குள்ளிருந்து தாடையை முன்னால் நீட்டிக்கொண்டு முறைத்தார்.

"உங்க துக்கத்துல எங்களுக்கும் பங்கு உண்டு மிஸஸ் டன்னக். கொடிக்கம்பத்தைப் பத்தி இன்னைக்குப் பேச வேண்டாம்," என்றார் தலைவி.

"சரிங்க."

"உங்க ஆளுங்க எப்ப வந்தாங்க?"

"நான் மட்டுந்தாங்க வந்தேன். பத்து மணி பஸ்ல."

"அதில்ல. இந்த நாட்டுக்கு."

"எங்க தாத்தா அசோர் தீவுலேர்ந்து மீன் பிடிக்க வந்தவரு. நூறு வருஷம் ஆச்சு."

"ஓ, இப்பத்தானா," என்றார் மிஸஸ் தாக்ஸ்டர் கனிவோடு. "பரவால்ல, சாப்பிடுங்க."

தன் கணவரைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று அடலினா சொன்னாள். அவர் பெயர் டன்னக், முதற்குடியேறி பெயர் டன்னக், இந்தத் தெருவின் பெயரும் டன்னக் தெரு என்றாள்.

"பேரு ஒரு ஆதாரமாகாது மிஸஸ் டன்னக். தெருவைக்கூட நாங்க உள்ள விடறதில்ல." மிஸஸ் தாக்ஸ்டர் எழுந்து நின்றார். படத்தின் கீழே நின்றால் அவருக்குப் பேச்சு தானாக வரும். "யோசிச்சுப் பாருங்க. நம்ம எசேக்கியல் இந்தக் கரையில வந்து இறங்கினப்ப அவர் கையில ஒரு துண்டுக் காகிதம் உண்டா? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டாரா? இறங்கினார். இது என் எடம்னார். வேலி போட்டார். ஏற்கெனவே இங்க இருந்தவங்க ஏதோ சொல்லியிருக்காங்க, ஆனா அவங்க பாஷை அவருக்குத் தெரியல. அப்பேர்ப்பட்ட மனுஷரோட மண்ணுல, தகுந்த காகிதம் இல்லாம ஒருத்தரை நாங்க எப்படி விட முடியும்? அவர் ஆத்மா மன்னிக்குமா?"

அடலினா படத்தைப் பார்த்தாள். மன்னிக்கிற முகமாகத் தெரியவில்லை.

"மண்ணு இளகறதுக்குள்ள முடிச்சிடுங்க," என்றார் ஸ்வீட்ஸர். "குளிர்கால அறையை ஏப்ரல்ல காலி பண்ணியாகணும். இல்லேன்னா நெடுஞ்சாலை ஓரத்துப் புது மயானத்துக்குத்தான் போகும்."

புது மயானத்துக்கு ஒரு பக்கம் டயர் கடை, இன்னொரு பக்கம் கார் கழுவும் இடம். அடலினா பிஸ்கட்டைக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அன்றிலிருந்து அவள் வம்சத்தைத் தேடினாள். வெண்டல் இன்னார் மகன், அவர் இன்னார் மகன் என்று பின்னோக்கி நடந்தாள். ஊர் ஊராகப் போய் மாதாகோயில்களிலும் நகராட்சிகளிலும் கெஞ்சிக் காகிதம் வாங்கி வந்தாள். ஒவ்வொன்றையும் ஸ்வீட்ஸர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"இவர் பிறந்தது சரி. செத்ததுக்கு ஆதாரம்?"

"இருநூத்தம்பது வருஷத்துக்கு முந்தி, ஜார்ஜ் மன்னர் காலத்துல பிறந்தவருங்க."

"அதனால?"

"இன்னுமா உயிரோட இருப்பாரு?"

"நாங்க ஊகமெல்லாம் பண்றதில்ல," என்றார் ஸ்வீட்ஸர். அந்த மூதாதையருக்குச் சாவு ஆதாரம் கிடைக்கும்வரை அவர் உயிரோடு இருப்பதாகச் சங்கம் வைத்துக்கொண்டது. ஆண்டு விருந்துக்கு அவருக்கு அழைப்புகூடப் போயிருக்கும். விலாசம் இல்லாததால் விட்டுவிட்டார்கள்.

மார்ச்சில் தாடை உபகுழு கூடியது. எசேக்கியலின் தாடை வம்சத்தில் தப்பாமல் வரும் என்பது சங்கத்தின் நம்பிக்கை. எசேக்கியல் எப்படியிருந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் செத்து இருநூறு வருஷம் கழித்துத்தான் படம் வரைந்தார்கள், அதற்கு முகம் கொடுத்து உட்கார்ந்தவர் அன்றைய வங்கி மேலாளர். இருந்தாலும் தாடை தாடைதான். வெண்டலின் கல்யாணப் புகைப்படத்தில் தாடி இருந்ததால் உபகுழுவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள்.

லைல் இரும்புக் கதவைத் திறந்துவிட்டார். உபகுழுவினர் மூவர், கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, அளவுகோலோடு உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் வெளியே தலையை நீட்டினார்.

"மிஸஸ் டன்னக், தாடியைக் கொஞ்சம் எடுக்கலாமா?"

"அவருக்குத் தாடி பிடிக்குங்க," என்றாள் அடலினா.

"இப்ப அவருக்கு ஆட்சேபணை இருக்காதுன்னு நினைக்கிறோம்."

"எனக்கு இருக்கு."

உபகுழு தாடியோடு அளந்தது. தாடை சாதகமாகவும் இல்லை, பாதகமாகவும் இல்லை என்று முடிவு சொன்னது. வெளியே பனியில் நின்றிருந்த அடலினாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கால்விரல்கள் மரத்திருந்தன, அதை மட்டும் அவள் கவனித்தாள். லைல் கதவைப் பூட்டிவிட்டு எச்சில் துப்பினார்.

"வெண்டல் இருந்திருந்தா லாரியை இவனுங்க மேல ஏத்தியிருப்பான்," என்றார்.

"ஏத்த மாட்டாரு. வழி விடுங்கப்பான்னு ஹாரன் அடிச்சுக்கிட்டு நிப்பாரு," என்றாள் அடலினா.

எப்படியோ வம்சம் பின்னோக்கிப் போய் எசேக்கியலின் மகன் ஹோப்ஸ்டில் டன்னக்கைத் தொட்டது. இன்னும் ஒரே படி. அங்கேதான் ஸ்வீட்ஸர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சிக்கல் இருக்கு. ஹோப்ஸ்டிலோட நடுகல் நம்ம மயானத்துலேயே இருக்கு. எசேக்கியலின் மகன், இரண்டு வயதில் இறந்தான்னு செதுக்கியிருக்கு. ரெண்டு வயசுக் குழந்தைக்கு ஏது பேரப்பிள்ளை?"

"அது மூத்த ஹோப்ஸ்டிலுங்க. அது போனதும் அடுத்த பையனுக்கும் அதே பேரை வச்சிருப்பாங்க. டன்னக் வீட்டுல அதானே வழக்கம். இப்பவும் அப்படித்தான் வைக்கிறாங்க."

"வழக்கம் ஆதாரமில்ல. சங்க விதி ரொம்பத் தெளிவா இருக்கு. ஒரு வீட்டுல ஒரு பேருக்கு ஒரே ஆள். இல்லேன்னா வம்சாவளி குழம்பிடும்."

"குழம்பித்தானே கெடக்கு."

மிஸஸ் தாக்ஸ்டர் அவள் தோளில் கை வைத்தார். "மனசைத் தேத்திக்குங்க மிஸஸ் டன்னக். இதைச் சொல்றது எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. உங்க கணவரோட வம்சம் அந்தக் குழந்தையோட முடிஞ்சுபோச்சு. எங்க கணக்குப்படி அவர் பிறக்கவே இல்ல."

"பிறக்காத மனுஷன் எப்படிங்க உங்க வாசல்ல இத்தனை வருஷம் பனி தள்ளினாரு?"

"அதுக்கு நாங்க என்னைக்கும் நன்றியோட இருப்போம்," என்றார் மிஸஸ் தாக்ஸ்டர்.

மேல்முறையீடு ஆண்டு விருந்தில்தான் செய்ய முடியும். மதிய விருந்து. முதற்குடியேறி காலத்து உடையில், ஆண்கள் பட்டை வைத்த தொப்பியும் பெண்கள் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் அணிந்து வந்தார்கள். முன்னோர் பசியில் வாடியதை நினைவுகூர, முதலில் ஒவ்வொரு வெள்ளித் தட்டிலும் ஐந்து சோளமணிகளை வைத்தார்கள். எல்லோரும் தலைகுனிந்து அதை மென்றார்கள். பிறகு மாட்டிறைச்சியும் இறாலும் வந்தன. அடலினாவுக்குச் சோளமணி மட்டும்தான் வந்தது. அவள் விருந்தாளியல்ல, விண்ணப்பதாரி.

இனிப்பு பரிமாறும்போது ஸ்வீட்ஸர் எழுந்தார். முகம் பளபளத்தது. விடிய விடிய உட்கார்ந்து இந்த வழக்குக்குத் தீர்வு கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார்.

"வெண்டல் டன்னக்குன்னு ஒருத்தர் நம்ம மயானத்துல இருக்காரான்னு தேடினேன். இருக்கார். குழந்தைகள் வரிசையில, முப்பது வருஷத்துக்கு முன்னாடியே, முறைப்படி அடக்கமாகியிருக்கார். ஒரு வீட்டுல ஒரு பேருக்கு ஒரே ஆள். ஆகவே விண்ணப்பதாரியோட கணவர் ஏற்கெனவே அங்கதான் இருக்கார். ஒருத்தரை ரெண்டு தடவை அடக்கம் பண்ண விதி இல்ல. விண்ணப்பமே தேவையில்லாம போச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள்.

"அது என் பையன்," என்றாள் அடலினா. கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. அவளும் உரக்கச் சொல்லவில்லை.

"பிறக்கவே இல்லேன்னீங்களே," என்று அடுத்தாற்போல் கேட்டாள்.

"ஒரு வயசுக்கு உட்பட்டவங்களுக்கு வம்ச ஆதாரம் தேவையில்ல. அதனால அந்த அடக்கம் செல்லும்," என்றார் ஸ்வீட்ஸர்.

மிஸஸ் தாக்ஸ்டர் மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் கன்னத்தைத் தட்டினார். "பாத்தீங்களா? நீங்க கேட்டது நடந்தாச்சு. சங்கத்தைப் பத்தி ஊர்ல என்னென்னமோ பேசறாங்க. எங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு."

லைல் தன் வண்டியில் அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது.

"அறையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை டயர் கடைப் பக்கம் குழி வெட்ட ஆள் வருது," என்றார் லைல். அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னார். "என்ன பண்ணப் போற அடலினா?"

மயானத்து வாசல் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய்ப் பலகைக்கு முன்னால் நின்றாள். நாய் கூடாது. பிளாஸ்டிக் பூ கூடாது. முப்பது வருஷமாகப் படித்த பலகை, இன்றைக்கும் கடைசி வரி வரைக்கும் படித்தாள். உள்ளே நடுகற்கள் வழக்கம்போலச் சாய்ந்திருந்தன.

"இந்த வருஷம் ரொம்பவே தூக்கிப் போட்டிருக்கு," என்றார் பின்னால் வந்து நின்ற லைல்.

"ஆமா," என்றாள் அடலினா. "ரொம்பவே."

மறுநாள் பத்து மணி பஸ்ஸில் சங்கத்துக்குப் போனாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என் கணவர் வெளிய வந்துட்டாருங்க," என்றாள்.

ஸ்வீட்ஸர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்கேர்ந்து?"

"மயானத்துலேர்ந்து. அங்கதானே இருந்தாரு. உறைபனி தூக்கி வெளிய போட்டிருக்கு. இப்ப குளிர்கால அறையில இருக்காரு. யார் வேணா பாக்கலாம். உங்க உபகுழுவே பாத்திருக்கு. இருந்த எடத்துலேயே திருப்பி வைக்கணும்னு பலகையில போட்டிருக்கே."

ஸ்வீட்ஸர் தலைவியைப் பார்த்தார். தலைவி படத்தைப் பார்த்தார். வெண்டல் டன்னக் உள்ளே இருக்கிறார் என்பது சங்கத்தின் தீர்ப்பு. வெளியே இருக்கிறார் என்பதைச் சங்கத்தின் உபகுழுவே அளந்து பார்த்திருக்கிறது. இரண்டும் சங்கம் சொன்னது, இரண்டிலும் பிழை இருக்க முடியாது.

"குன்று வரைக்குமா தள்ளியிருக்கு?" என்றார் ஸ்வீட்ஸர் கடைசியில்.

"இந்த வருஷம் குளிர் அதிகந்தான்," என்றார் மிஸஸ் தாக்ஸ்டர்.

"இன்னொண்ணு. உள்ள வைக்கும்போது ஒன்பது மாசக் குழந்தை. இப்ப இருக்கிறது..." ஸ்வீட்ஸர் கையை உயர்த்திக் காட்டினார்.

"முப்பது வருஷம் ஆச்சுங்களே," என்றாள் அடலினா.

ஸ்வீட்ஸர் கையை இறக்கினார். "அதுவும் நியாயம்தான்," என்றார்.

அனுமதி தேவையில்லை என்பதற்கு ஓர் அனுமதிச் சான்றிதழ் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஒரு நிபந்தனை இருந்தது. இது அடக்கமல்ல, திருப்பி வைத்தல். ஆகவே புதுக் கல் கிடையாது. இருக்கிற கல்லிலேயே ஆள் பெயர் சரியாக இருப்பதால் எதையும் சேர்த்துச் செதுக்கவும் கூடாது.

புதன்கிழமை காலையில் லைல் மண்வெட்டியால் வெட்டினார். பிள்ளையை ஒட்டி, நீளமாக, கால் நீட்டிப் படுக்கிற மாதிரி வெட்டினார். அந்தச் சின்னக் கல்லுக்குப் பக்கத்தில் குழி மிகப் பெரிதாகத் தெரிந்தது. சங்கத்தார் தொப்பியும் கழுத்துப்பட்டியுமாக வந்து நின்றார்கள். உறைபனி தள்ளிய ஆளைத் திருப்பி வைப்பதற்கென்று ஒரு சடங்கு இருக்கிறதாம், நூறு வருஷமாக அதைச் செய்ய வாய்ப்புக் கிடைக்கவில்லையாம். ஸ்வீட்ஸர் ஒரு பிடி மண்ணைப் போட்டு, "இருந்த இடத்துக்கே," என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

அடலினா வெண்டலின் பெட்டி இறங்குவதைப் பார்த்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டார்கள். வேண்டியது கிடைத்துவிட்டது. இப்போதாவது ஏதாவது வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வீட்டுக்குப் போய் இன்னும் யார் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யோசித்தாள்.

துக்கத்துக்கு வந்த இடத்தில் தலைவி ஆறுதல் சொல்ல வேண்டும் என்பதும் விதி. மிஸஸ் தாக்ஸ்டர் அவளை நோக்கி வந்தார். யாருக்கு, என்ன வயதில் என்று தெரிந்துகொள்ள மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக் கல்லைப் படித்தார். வெண்டல் டன்னக், ஒன்பது மாதம். படித்துவிட்டு அடலினாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"பாவம்," என்றார். "ரொம்பச் சின்ன வயசு."

முப்பது வருஷத்தில் அதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. அடலினா அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். வாய் கோணியது. பிறகு எங்கிருந்தோ சத்தம் வந்தது, அவள் சத்தம்தான். வெள்ளைக் கழுத்துப்பட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மிஸஸ் தாக்ஸ்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விதிகளில் இதற்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஆமாங்க," என்றாள் அடலினா. "அப்பத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்க ஆரம்பிச்சிருந்தான்."